ஊரைவிட்டு வந்த குடும்பங்களுக்கு மருந்துச் சோதனையின்போது துணைநிற்றல்: செவிலியருக்கான மீள்நோக்கு முறை

வேலூரில் மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளப் பெயர்ப்பலகைகள் தொங்குவதற்குக் காரணம், மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்து லாட்ஜ் அறைகளில் மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெறும் குடும்பங்கள்தாம். அத்தகைய குடும்பத்தின் குழந்தை மருந்துச் சோதனை ஒன்றில் சேரும்போது, 'நீங்கள் சொன்னால் சரி, சிஸ்டர்' என்று பெற்றோர் கூறுவதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை; மறுத்தால் வழக்கமான சிகிச்சையும் நின்றுவிடுமோ என்ற அச்சம் அதற்குள் இருக்கக்கூடும்.

ஆகவே, பணி முடிந்த அன்றே பத்து நிமிடம் ஒதுக்கி, என்ன நடந்தது, அதில் என் பங்கு என்ன, அடுத்த முறை என்ன செய்வேன் என்ற மூன்று கேள்விகளுக்கும் உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் விடை எழுதுங்கள். முதல் விடையில் தீர்ப்பு கலக்கக் கூடாது. இதுவே மிகக் கடினம். 'தாய் ஒத்துழைக்கவில்லை' என்று நானே ஒருமுறை எழுதியிருக்கிறேன். மறுநாள் படித்தபோதுதான், அவர் இரண்டு முறை இரத்தம் எடுக்கத் தாமதமாக வந்தார் என்பது மட்டுமே நான் கண்டது என்பதும், காரணத்தை நான் கேட்கவே இல்லை என்பதும் உறைத்தன. வாடகை கட்டுபடியாகாமல் ஊருக்கு வெளியே அறை மாறியிருந்தார்கள். முதல் பேருந்தைப் பிடித்தாலும் குறித்த நேரத்துக்கு வர இயலாது. பயணச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுசெய்ய இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் இடமளிப்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டாம் கேள்வியில் உங்கள் சொற்களைச் சோதியுங்கள். எந்த நேரத்திலும் விலகலாம், விலகினாலும் சிகிச்சை தொடரும் என்பதை அவர்கள் மொழியில் சொன்னீர்களா, தந்தை அதைத் தம் சொற்களில் திருப்பிச் சொன்னாரா, அல்லது அவசரத்தில் பக்கத்துப் படுக்கைக்காரரை மொழிபெயர்க்க வைத்தீர்களா? அதே வழிகாட்டுதல்களின்படி 7 முதல் 12 வயதுவரை வாய்மொழியாகவும், அதற்குமேல் 18 வயதுவரை எழுத்திலும் குழந்தையின் இசைவைப் பெற வேண்டும். அதைக் குழந்தையிடமே கேட்டீர்களா?

மூன்றாம் விடை நாள் குறித்த ஒரே செயலாக இருக்கட்டும்: 'வியாழக்கிழமை வருகை நேரத்தைப் பத்து மணிக்கு மாற்ற ஆய்வு ஒருங்கிணைப்பாளரிடம் கேட்பேன்' என்பதுபோல. குறிப்பேட்டில் பெயரோ ஆய்வு எண்ணோ இடம்பெற வேண்டாம். கடுமையான பாதகவிளைவு எதையேனும் கண்டால் குறிப்பேட்டைத் திறக்குமுன் முதன்மை ஆய்வாளரிடம் சொல்லுங்கள்; 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டிய கடமை அவருக்கு இருக்கிறது.