ஃபைல் பகிரும் ஆப் எழுதுகிறீர்களா? என்க்ரிப்ஷனோடு நின்றுவிடாதீர்கள்

பர்மாவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு வீடியோ அனுப்ப இணையம் வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. ஃபைல் பகிரும் ஸாப்யா ஆப்பைத் திறந்தால் ஒரு போன் ஹாட்ஸ்பாட் போடும், இன்னொன்று வந்து ஒட்டிக்கொள்ளும், பீலிக்கான் கோயில் திருவிழா வீடியோவிலிருந்து புது கேம் வரை டேட்டா செலவில்லாமல் கைமாறிவிடும். 2021 மார்ச்சில் ராணுவ அரசு மொபைல் டேட்டாவையே நிறுத்தியபோதும் இந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது. அதனால் கம்ப்யூட்டர் படிக்கும் நம் பிள்ளைகள் நாமும் இப்படி ஒன்று செய்தால் என்ன என்று கிளம்புவதில் ஆச்சரியம் இல்லை. செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் பாதுகாப்புக்கு என்ன வழி என்று கேட்டால் உடனே வருகிற பதில், "என்க்ரிப்ஷன் போட்டாச்சு அண்ணே."

அது போதாது. என்க்ரிப்ஷன் என்பது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி ஃபைலைப் பூட்டி அனுப்புவது, ஃபைல் ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் அது காவல். சிக்கல் எல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான் இருக்கிறது.

ஹிஸ்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். யாரிடமிருந்து, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, என்ன ஃபைல் என்று பட்டியல் போட்டு ஓரத்தில் குட்டிப் படமும் காட்டும் அந்தப் பக்கம் இல்லாத ஆப் அபூர்வம், நீங்களும் வைப்பீர்கள். ரோட்டில் நிறுத்திப் போனை வாங்கிப் பார்ப்பது இங்கே எவ்வளவு சகஜமாகிவிட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூட்டைத் திறந்து கையில் கொடுத்துவிட்ட போனில் என்க்ரிப்ஷனுக்கு வேலையே இல்லை. பாவம், போனைக் கொடுத்தவர் வீடியோவை கேலரியிலிருந்து அழித்திருப்பார், ஆனால் உங்கள் ஆப் எடுத்த குட்டிப் படம் கேஷில் (ஆப்பின் தற்காலிகச் சேமிப்பில்) கிடக்கும், அனுப்பியவர் பெயர் டேட்டாபேஸில் கிடக்கும், ஆகவே அவரோடு சேர்த்து அனுப்பியவரும் மாட்டுவார். ஹிஸ்டரி வேண்டும் என்பவர் தானே ஆன் செய்துகொள்ளட்டும். மற்றவர்களுக்கு ஃபைல் போய்ச் சேர்ந்ததும் இந்தப் பதிவெல்லாம் அழிந்துவிட வேண்டும். அப்புறம் ஆப் பழுதாகி நிற்கும்போது தானாகப் போகும் உங்கள் கிராஷ் ரிப்போர்ட்டையும் ஒருதரம் பிரித்துப் படித்துப் பாருங்கள், ஃபைல் பெயர் முழுசாக அதில் ஏறி யாரோ ஒருவருடைய சர்வருக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

படம் தரம் குறையாமல் அப்படியே போகும் என்று விளம்பரம் செய்வீர்கள். அப்படியே என்றால் கேமரா எழுதிவைத்த ஜிபிஎஸ் இடமும் அப்படியேதான் போகும். அனுப்பும் முன் 'இடத் தகவலை நீக்கவா?' என்று ஒரு வரி கேட்டால் போதும்.

பெயர் விஷயம் இன்னும் மோசம். டீக்கடையில் உட்கார்ந்து இப்படி ஒரு ஆப்பைத் திறந்து 'அருகில் உள்ளவர்கள்' என்று தேடினால் 'செல்வி போன்' என்று ஒரு வட்டம் மிதந்து வரும், சில ஆப்பில் அவள் முகமே வரும். அவள் யாருக்கும் எதுவும் அனுப்பவில்லை, ஆப்பைத் திறந்து வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பெயரைத் தானாக வைத்து, எதிரே இருப்பவர் கியூஆர் கோடை ஸ்கேன் செய்த பிறகு மட்டும் உண்மைப் பெயரைக் காட்டுங்கள்.

சிலர் போன் நம்பரையே அடையாளமாக வைத்துவிட்டு, "நம்பரை அனுப்பவில்லை, ஹேஷ் செய்துதான் அனுப்புகிறோம்" என்பார்கள், அதாவது நம்பரை ஒரு கணக்கில் போட்டு, நேரடியாகத் திருப்பி எடுக்க முடியாத எழுத்துக் கோவையாக மாற்றி. ஆப்பிள் நிறுவனத்தின் ஃபைல் பகிரும் வசதியான ஏர்டிராப்பே இதில் சறுக்கியது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-லேயே அந்த நிறுவனத்துக்கு எழுதி, 2021-இல் விஷயத்தை வெளியே சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நம் ஊர் நம்பர் 09-இல் தொடங்கும், அதற்குப் பின் அதிகம் போனால் ஒன்பது இலக்கம். மொத்தம் நூறு கோடிச் சொச்சம் சாத்தியம். எல்லாவற்றையும் ஹேஷ் செய்து ஒப்பிட ஒரு சாதாரண லேப்டாப்புக்குச் சில நிமிடம் போதும்.

அடுத்து, யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமலே கதவைத் திறந்துவிடுவது. இந்த ஆப்புகளில் பல உள்ளுக்குள் போனிலேயே ஒரு சின்ன வெப் சர்வரை ஓட்டுகின்றன, அதே வைஃபையில் இருக்கும் யாரும் அதைத் தட்டிப் பார்க்கலாம். ஷேர்இட் என்ற ஃபைல் பகிரும் ஆப்பில் ஒரு வேடிக்கை நடந்தது. இல்லாத ஒரு பக்கத்தை யாராவது கேட்டால், இல்லை என்று துரத்தாமல் வெற்றுப் பக்கத்தைக் கொடுத்து, கேட்ட போனை அறிமுகமானவர் பட்டியலிலும் சேர்த்துக்கொண்டது! 2019-இல் ஆய்வாளர்கள் இதை வெளியிடும்போது சரிசெய்திருந்தார்கள், நல்லவேளை. நாலு இலக்க ரகசிய எண்ணை (PIN) வைத்தால் மூன்று தடவை தவறினதும் இணைப்பைத் துண்டியுங்கள். வருகிற ஃபைலின் பெயரையும் நம்பாதீர்கள், அதில் புள்ளியும் சாய்கோடும் கலந்து வைத்து உங்கள் ஆப்பின் வேறு ஃபோல்டரில் எழுதிவிட முடியும்.

பிரிட்ஜிஃபை கதையும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் 2021 பிப்ரவரியில் இணையம் இல்லாமல் புளூடூத்தில் செய்தி அனுப்ப இங்கே எல்லாரும் ஓடிப்போய் இறக்கிக்கொண்ட ஆப் அது. அதற்கு முந்தின வருஷம் ஆகஸ்டிலேயே லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே ஆய்வாளர்கள் அதைப் பிரித்து மேய்ந்திருந்தார்கள்: பயனர்களைப் பின்தொடரலாம், செய்தியைப் படிக்கலாம், ஆள்மாறாட்டம் செய்யலாம், சுருக்கிய ஒரே ஒரு செய்தியை அனுப்பி நெட்வொர்க்கையே முடக்கலாம். நிறுவனம் சிக்னல் ஆப்பின் என்க்ரிப்ஷன் முறையான சிக்னல் புரோட்டோகாலுக்கு மாறியது. அப்படியும் 2022-இல் மறுபடி ஓட்டைகளைக் காட்டினார்கள். நல்ல லைப்ரரியை, அதாவது மற்றவர் எழுதிவைத்த ஆயத்த நிரலைச் சேர்ப்பது பாதி வேலைதான், அதை எங்கே எப்படிக் கோர்க்கிறீர்கள் என்பதை வெளியாள் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் 'பாதுகாப்பானது' என்ற சொல்லை ஆப் பக்கத்தில் எழுதாதீர்கள்.

ஃபோல்டரைப் பகிரும் வசதி வைப்பவர்களுக்கு ஒரு பழைய பாடம். கஸா என்ற ஃபைல் பகிரும் மென்பொருள் ஓகோவென்று ஓடிய காலத்தில், 2002-இல், எச்.பி. ஆய்வகத்தில் 12 பேரை உட்காரவைத்து எந்த ஃபைலெல்லாம் பகிரப்படுகிறது என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னது இரண்டு பேர். 2011-இல் ஃபைல் பகிரும் ஆப் செய்த ஃபிராஸ்ட்வயர் நிறுவனத்தின் மேல் அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டதும் இதே காரணத்துக்குத்தான், நிறுவியதும் பயனரின் ஃபைல்களை அவர் அறியாமலே ஊருக்குத் திறந்துவிடும் இயல்பு அமைப்பு. எதுவும் தானாகப் பகிரப்படக் கூடாது, அவ்வளவுதான்.

ஊர் தாண்டி, ரங்கூனிலிருந்து மோல்மீனுக்கு இணையம் வழியாக அனுப்பும்போது 'சர்வரே இல்லை' என்று மார்தட்டாதீர்கள். இரண்டு போனும் ஒன்றையொன்று கண்டுபிடிக்க நடுவில் ஏதோ ஒன்று வேண்டும், அதற்கு யார் யாரோடு பேசினார் என்று தெரியும். நேரடியாக இணைந்தால் ஒருவர் ஐபி முகவரி (இணையத்தில் அவருடைய விலாசம்) மற்றவருக்குத் தெரியும், நடுவில் வாங்கிக் கடத்தும் ரிலே வைத்தால் ரிலேக்குத் தெரியும். இரண்டில் எது என்று பயனருக்குச் சொல்லுங்கள், அந்த நடுச் சர்வரில் நடப்பதையெல்லாம் எழுதிவைக்கும் லாக்கை அணைத்து வையுங்கள். எழுதி வைக்காததை யார் வந்து கேட்டாலும் கொடுக்க முடியாது.

கடைசியாக ஆப் எப்படிப் பரவுகிறது என்பது. இங்கே பாதிப் பேர் பிளே ஸ்டோர் பக்கமே போவதில்லை, போன் கடைக்காரர் ஏற்றித் தருவார், இல்லையென்றால் கூட்டாளி போனிலிருந்து ஏபிகே (ஆப்பை நிறுவும் ஃபைல்) வாங்கிக்கொள்வார்கள். யாரோ ஒருவன் உங்கள் ஆப்புக்குள் உளவு வேலையைச் சொருகி அதே பெயரில், அதே ஐகானில் சுற்றில் விட்டால்? ஆப்பில் அதை எழுதியவர் இட்ட டிஜிட்டல் கையெழுத்தை ஆண்ட்ராய்டு ஒப்பிடுவது அப்டேட்டின்போதுதான், முதல் தடவை போடுவதே போலி என்றால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. அந்தக் கையெழுத்தைப் போடும் உங்கள் சாவியின் கைரேகையை, அதாவது அதை அடையாளம் காட்டும் எழுத்துக் கோவையை, ஒப்பிட்டுப் பார்க்க வெப்சைட்டில் போடுங்கள். போலி இருக்கும் போனில் உங்கள் உண்மையான அப்டேட்டை ஏற்றினால் நிறுவ முடியவில்லை என்று மட்டும் வரும், பலர் சலித்துப்போய் அதோடு விட்டுவிடுவார்கள். அந்தச் செய்தி வந்தால் பழையதை நீக்கிவிட்டு எங்கிருந்து புதியதை எடுப்பது என்று உதவிப் பக்கத்தில் பர்மிய மொழியிலும் தமிழிலும் எழுதி வையுங்கள், போன் கடைக்காரர்களிடமும் சொல்லி வையுங்கள்.