வெனிஸில் அறை எடுக்கும் முன் பாலங்களை எண்ணுங்கள்

வெனிஸில் தங்குவதற்கு விடுதி தேடுபவர்களில் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது நட்சத்திரக் கணக்கையும் வாடகையையும்தான். அவ்விரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ரயிலோ படகோ உங்களை இறக்கிவிடும் இடத்திலிருந்து விடுதியின் வாசல்வரை எத்தனை பாலங்களை ஏறி இறங்க வேண்டும் என்பதே அது. நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளை நானூற்றுக்கும் மேற்பட்ட பாலங்களால் கோத்து உண்டாக்கிய ஊர் அது. கார் மட்டுமல்ல, சைக்கிள்கூட அதன் சந்துகளில் ஓட முடியாது. அடியில் படகுகள் நுழைந்து போவதற்காக இந்தப் பாலங்களில் பெரும்பாலானவை வில்லாக வளைந்து, இரு பக்கமும் படிக்கட்டுகளோடு நிற்கின்றன. ஆகவே, 'ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை' என்று விடுதியின் விவரக் குறிப்பில் இருந்தால், அது கைவீசி நடப்பவருக்கு ஆகும் பத்து நிமிடம் என்று கொள்ள வேண்டும். 23 கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஐந்து பாலம் ஏறுபவருக்கு அதே தூரம் அரைமணி நேரம் ஆகும்.

நானும் அம்மாவும் முதல் முறை சென்றபோது இந்தக் கணக்கைப் போடாமலேயே போய்விட்டோம். மூன்றாவது பாலத்தின் உச்சியில் அம்மா பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டு, "ஊர் அழகாத்தான் இருக்கு, ஆனா தண்ணியிலேயே கொண்டுபோய் விட்டிருக்கலாமே" என்றார். அது எவ்வளவு சரியான யோசனை என்பது மறுநாள் காலையில்தான் புரிந்தது. விடுதியிலிருந்து ஒரே ஒரு பாலம் தாண்டினால் நீர்ப்பேருந்து நிற்கும் படகுத்துறை இருந்தது.

எனவே முன்பதிவு செய்வதற்கு முன்பே விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, 'உங்களுக்கு மிக அருகில் உள்ள வாப்பரெட்டோ துறை எது, அங்கிருந்து வருவதற்கு எத்தனை பாலங்கள்' என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். வாப்பரெட்டோ என்பது அந்த ஊரின் நீர்ப்பேருந்து. பதில் வரத் தாமதமானால், இணைய வரைபடத்தைப் பெரிதாக்கி, கால்வாயைக் காட்டும் நீலக் கோட்டை உங்கள் பாதை எத்தனை இடங்களில் கடக்கிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம். ரயிலில் வருபவர்கள் இறங்கும் சான்டா லூச்சியா நிலையத்தை விட்டு வெளியே வந்து இடப்பக்கம் திரும்பினால், லிஸ்டா டி ஸ்பான்யா என்னும் தெரு, குல்யே பாலம்வரை ஒரு படிகூட இல்லாமல் சமதளமாகவே போகும். மூட்டை முடிச்சோடு வரும் குடும்பங்களுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் இந்தப் பகுதி விடுதிகளையே நான் சொல்வேன். அழகில் கொஞ்சம் குறைவுதான். கூட்டமும் கடைகளும் அதிகம். ஆனால் வந்து இறங்கும் நாளிலும் கிளம்பும் நாளிலும் அந்தக் குறை மறந்துபோகும். பேருந்துகளும் கார்களும் வந்து நின்றுவிடும் இடம் பியாத்சாலே ரோமா. அங்கிருந்து ரயில் நிலையப் பக்கம் போவதற்கு 2008இல் திறந்த புதிய பாலம் ஒன்று உண்டு. அதன் கண்ணாடிப் படிகள் மழையில் வழுக்குவதாகப் பல ஆண்டுகள் புகார் இருந்துவந்தது என்பதால், ஈர நாளில் அதன் மேல் பெட்டியை இழுத்துச் செல்லும்போது நிதானம் வேண்டும்.

வாடகை குறைவாக இருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன், விடுதி தீவில் இருக்கிறதா, நிலப்பகுதியான மெஸ்த்ரேயில் இருக்கிறதா என்று முகவரியைப் பாருங்கள். பெயரில் வெனிஸ் என்று இருப்பதால் மட்டும் விடுதி கால்வாய்க் கரையில் இருந்துவிடாது. மெஸ்த்ரேயிலிருந்து ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் வந்துவிடலாம் என்பது உண்மை. ஒரு வாரம் தங்குபவருக்கு அந்தச் சிக்கனம் பொருட்படுத்தத் தக்கதும்கூட. ஆனால் இரண்டு மூன்று இரவுகள் மட்டுமே தங்குபவர், பணம் சற்றுக் கூடினாலும், தீவுக்குள்ளேயே தங்குவது நல்லது என்பது என் கருத்து. பகலில் மட்டும் வந்து போகும் கூட்டம் மாலையில் கலைந்த பிறகும், காலையில் அது வந்து சேர்வதற்கு முன்பும்தான் அந்த ஊர் தன் பழைய முகத்தைக் காட்டும்; அந்த நேரத்தில் ஊருக்குள் இருப்பதற்காகவே விடுதி வாடகை கொடுக்கிறோம்.

வெனிஸ் முகவரிகள் வெளியூர்க்காரர்களைத் திணறடிக்கும். நகரத்தின் மையப்பகுதி சான் மார்கோ, காஸ்தெல்லோ, கன்னாரேஜோ, டோர்சோடூரோ, சான் போலோ, சான்டா குரோச்சே என ஆறு வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. கதவு எண்கள் தெரு வாரியாக அல்லாமல் வட்டாரம் முழுவதற்கும் ஒரே வரிசையாக ஓடுகின்றன. காஸ்தெல்லோவில் இந்த எண் 6000ஐத் தாண்டிப் போகிறது. முன்பதிவுத் தாளில் 'காஸ்தெல்லோ', ஓர் எண் என்று மட்டும் இருந்தால், உள்ளூர்க்காரரிடம் காட்டினாலும் அவர் உதட்டைப் பிதுக்குவார். சந்தின் பெயர் தெரிந்தால் போதுமா என்றால் அதுவும் போதாது. ரொட்டி சுடும் அடுப்பு இருந்த சந்துக்கெல்லாம் கல்லே டெல் ஃபோர்னோ என்றே பெயர் வைத்திருப்பதால், அந்தப் பெயரில் ஊரெங்கும் பல சந்துகள் உண்டு. ஆகவே வட்டாரம், எண், சந்து, அருகிலுள்ள சதுக்கம் அல்லது தேவாலயம் ஆகிய நான்கையும் விடுதியிடம் கேட்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைபேசி வரைபடம் ஒடுங்கிய சந்துகளில் தடுமாறும். நேரே போகச் சொல்லும் இடத்தில் முட்டுச்சந்தும் அதன் முடிவில் தண்ணீரும் இருக்கலாம். சுவர்களில் ரியால்டோ, சான் மார்கோ, ரயில் நிலையம் என்று வழிகாட்டும் மஞ்சள் பலகைகளைப் பின்பற்றுவதே பல சமயங்களில் பத்திரமானது.

விமானத்தில் வருபவர்களுக்கு மார்க்கோ போலோ நிலையத்திலிருந்து பேருந்தில் பியாத்சாலே ரோமாவை அடைய ஏறத்தாழ இருபது நிமிடங்கள் ஆகும். அலிலாகூனா என்னும் படகில் சான் மார்கோவுக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். தனி வாடகைப் படகு விடுதியின் நீர்வாசலிலேயே கொண்டுவந்து விடும் என்றாலும் கட்டணம் 100 யூரோவைத் தாண்டும். மலிவு விமானங்கள் சில இறங்கும் திரெவிசோ நிலையம் வேறு ஊரில் இருக்கிறது என்பதையும் பயணச்சீட்டு எடுக்கும்போதே கவனியுங்கள். வாப்பரெட்டோவில் ஒன்றாம் எண் படகு பெருங்கால்வாயின் துறைகளில் எல்லாம் நின்று நின்று போகும், இரண்டாம் எண் சற்று விரைவானது. 75 நிமிடங்களுக்குச் செல்லும் ஒற்றைச் சீட்டு 2024இல் 9.50 யூரோ, 24 மணி நேரச் சீட்டு 25 யூரோ; ஒரே நாளில் மூன்று முறை ஏறினாலே நாள்சீட்டு லாபம். ஏறுவதற்கு முன் சீட்டைத் துறையில் உள்ள கருவியில் காட்டிப் பதிந்துகொள்ள மறந்தால் அபராதம் கட்ட நேரிடும்.

அறையைத் தேர்ந்தெடுப்பதில் சில நுணுக்கங்கள் உண்டு. இந்த விடுதிகளில் பல, சில நூற்றாண்டுகளுக்கு முன் வணிகக் குடும்பங்கள் வாழ்ந்த மாளிகைகள். பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் என்பதால் உள்ளே லிஃப்ட் வைக்க எல்லோருக்கும் அனுமதி கிடைப்பதில்லை. விவரத்தில் லிஃப்ட் என்ற சொல் இல்லாவிட்டால், லிஃப்ட் இல்லை என்றே கொள்ளுங்கள். ஒரே விடுதியில் ஓர் அறை உத்தரமும் ஓவியமுமாக மண்டபம்போல இருக்க, அதே வாடகைக்கு இன்னொன்று கூரைச் சரிவின்கீழ் தலை இடிக்கும்படி இருப்பதும் நடக்கும். எனவே குறிப்பிட்ட அறையின் படத்தைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் வேண்டாம். தரைத்தள அறையில் ஈரப்பதமும் உப்புப் பூத்த சுவரும் உண்டு. கால்வாயை நோக்கிய ஜன்னலுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பவர்கள், காய்கறியிலிருந்து கட்டுமானப் பொருள்வரை அனைத்தும் அந்த ஊரில் படகிலேயே வருகின்றன, குப்பையும் படகிலேயே போகிறது, அந்தப் படகுகள் விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கிவிடுகின்றன என்பதை அறிந்து கொடுப்பது நல்லது. கோடையில் நீர் வற்றும் வேளையில் சிறு கால்வாய்கள் கொஞ்சம் நாறும், கொசுவும் வரும். ஆழ்ந்து தூங்க விரும்புபவர்களுக்கு உள்முற்றத்தைப் பார்த்த அறையே உத்தமம், வாடகையும் குறைவு.

அக்டோபரிலிருந்து ஜனவரிவரை செல்பவர்கள், கடல்நீர் ஏறி ஊருக்குள் புகும் 'அக்வா ஆல்டா' என்னும் உயர் ஓதத்தைப் பற்றியும் விடுதியில் கேட்டு வைக்க வேண்டும். ஓதத்தை அளக்கும் கடல்மட்டக் குறிக்கு மேல் 1966 நவம்பரில் 194 சென்டிமீட்டரும், 2019 நவம்பர் 12ஆம் நாள் இரவில் 187 சென்டிமீட்டரும் நீர் ஏறி ஊர் மூழ்கியது. 2020 அக்டோபரிலிருந்து மோசே என்னும் கடல் கதவுகள் செயல்படுகின்றன. நீர்மட்டம் 110 சென்டிமீட்டரை எட்டும் என்று கணித்தால் காயல் வாய்களில் அவற்றை எழுப்பிக் கடலைத் தடுத்துவிடுகிறார்கள். அதனால் பெருவெள்ளத்தின் அச்சம் தணிந்திருக்கிறது. ஆனால் சான் மார்கோ சதுக்கம் ஊரிலேயே தாழ்ந்த இடங்களில் ஒன்று. 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே அங்கே நீர் தேங்கத் தொடங்கும். அப்போது பலகை நடைமேடைகள் போடுவார்கள். சில மணி நேரத்தில் நீர் தானே வடிந்துவிடும் என்பதால் பதற வேண்டியதில்லை. கனத்த பெட்டியோடு வருகிற, போகிற நேரம் மட்டும் அந்த மணிகளில் விழாதபடி, முதல் நாளே வரவேற்பு மேசையில் ஓத நேரத்தைக் கேட்டுக்கொண்டால் போதும்.

போய்ச் சேர்ந்ததும் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள்; தங்குபவர்களின் விவரத்தைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது இத்தாலியில் ஒவ்வொரு விடுதிக்கும் சட்டப்படியான கடமை என்பதால், குழந்தைகளின் பாஸ்போர்ட்டையும் கையோடு வைத்திருங்கள். பதிந்துகொண்டதும் திரும்ப வாங்கிவிடலாம். விடுதி வாடகையில் சேராத நகர வரி ஒன்று தலைக்கும் இரவுக்குமாகக் கணக்கிடப்படும். விடுதியின் தரத்தைப் பொறுத்து மாறும் இந்த வரி, தொடர்ந்து தங்கும் முதல் ஐந்து இரவுகளுக்கு மட்டும் உண்டு. சில சிறிய விடுதிகள் அதை ரொக்கமாகவே கேட்கும். பகல்நேரப் பயணிகளுக்காக 2024 ஏப்ரல் 25ஆம் நாள் தொடங்கிய நுழைவுக் கட்டணம் வேறு. நகராட்சி எல்லைக்குள், மெஸ்த்ரே உட்பட, தங்குபவர்கள் அதைச் செலுத்த வேண்டாம். ஆனால் கட்டணம் நடைமுறையில் உள்ள நாட்களில் நகராட்சியின் தளத்தில் விலக்கைப் பதிந்து, அது தரும் கியூஆர் குறியைக் கைபேசியில் வைத்திருக்க வேண்டும். விடுதிக்குப் பதிலாகத் தனி வீடு எடுப்பவர்கள், 2025 முதல் கட்டாயமாகிவிட்ட தேசிய அடையாளக் குறியீடு விளம்பரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். குறியீடு இல்லாத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

குளியலறையில் நம்மவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கும் தாழ்வான இன்னொரு பீங்கான் தொட்டி, கால் கழுவவோ துணி துவைக்கவோ வைத்ததன்று. அது கழுவிக்கொள்வதற்கான பிடே. 1975இல் வந்த அரசாணை இத்தாலிய வீடுகளில் அதைக் கட்டாயமாக்கியது. விடுதிகளிலும் பரவலாக உண்டு. தண்ணீரை நம்பி வாழும் நமக்கு ஐரோப்பாவின் பிற நாடுகளில் எளிதில் கிடைக்காத ஆறுதல் அது. இரண்டாவது, குளிக்கும் இடத்தில் மேலிருந்து தொங்கும் மெல்லிய கயிறு. விழுந்துவிட்டவர் இழுத்து உதவிக்கு அழைப்பதற்கான அபாய மணி அது. அம்மா அதில் ஈரத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டதில், வரவேற்பு மேசையில் இருந்த இளைஞர் மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். தெருக் குழாய்களிலும் அப்படியே. மின்னழுத்தம் நம் ஊரைப் போலவே 230 வோல்ட். கைபேசி சார்ஜரின் மெல்லிய இருமுனை பிளக் அப்படியே பொருந்தும், ஆனால் தடித்த மும்முனை பிளக்கை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

கிளம்பும் நாளுக்கான ஏற்பாட்டை முந்தைய மாலையே முடித்துவிடுங்கள். சிறிய விடுதிகளில் இரவில் மேசையில் ஆள் இருப்பதில்லை. அதிகாலை விமானம் என்றால் வாடகைப் பாக்கியையும் நகர வரியையும் இரவே கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு, வெளிக்கதவு உள்ளிருந்து எப்படித் திறக்கும் என்பதையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது. சாவியில் கைப்பிடி அளவுக்குப் பித்தளைக் குண்டு தொங்கினால், அது நீங்கள் மறந்து எடுத்துப் போய்விடக்கூடாது என்பதற்காகவே. விடியலுக்கு முன் நீர்ப்பேருந்துகள் நெடுநேர இடைவெளியில்தான் வரும். துறையில் ஒட்டியிருக்கும் இரவு நேர அட்டவணையை முதல் நாளே படம் எடுத்துக்கொண்டு, ஒரு படகு தவறினாலும் அடுத்த படகில் பேருந்தைப் பிடிக்கும்படி கிளம்புங்கள். மாலை விமானம் என்றால், அறையை ஒப்படைத்த பிறகும் பெட்டிகளை விடுதியிலேயே வைத்துவிட்டு ஊர் சுற்றலாம். ஆனால் பெட்டிகளை எடுக்க நீங்கள் திரும்பி வரும் நேரத்தில் அங்கே ஆள் இருப்பாரா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.