டேப்பெட் சத்தம் வருகிறதா? உடனே டைட் பண்ணச் சொல்லாதீர்கள்

சேலத்துக்குள் ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி என்று சுற்றும் வரை இன்ஜின் சத்தம் காதில் விழாது, பஸ் ஹாரனே போதும். அதே வண்டியை அடிவாரம் தாண்டி ஏற்காடு ரோட்டில் ஏற்றினால், ஒரு பக்கம் பாறை என்பதால் எல்லாச் சத்தமும் அதில் பட்டு நம்மிடமே திரும்பும். 20 கொண்டை ஊசி வளைவில் ஏழெட்டு தாண்டுவதற்குள் "டிக் டிக்" கேட்டுவிடும், வால்வை அழுத்தித் திறக்கும் டேப்பெட்டின் சத்தம் அது. கீழே வந்ததும் நேராக மெக்கானிக்கிடம் போய், "அண்ணா, டேப்பெட் அடிக்குது, டைட் பண்ணி விடுங்க" என்றேன். இன்ஜின் சூடு ஆறுவதற்குள் பத்தே நிமிடத்தில் முறுக்கிக் கொடுத்தார். சத்தம் சுத்தமாக நின்றது, எனக்கும் சந்தோஷம். கொஞ்ச நாளில் காலையில் கிக்கர் பஞ்சு மாதிரி இறங்க ஆரம்பித்தது, மூன்றாவது கியரில் ஏறிய ஏற்றத்துக்கு இரண்டாவது கேட்டது.

நடந்தது இதுதான். வால்வு (பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விட்டு, புகையை வெளியே விடும் கதவு) முழுசாக மூடுவதற்கு, அதை அழுத்தும் ராக்கர் என்ற கைக்கும் வால்வு முனைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி வேண்டும், 100 சிசி வண்டிகள் பலவற்றில் அது ஒரு ஏ4 தாளின் தடிமன்கூட இருக்காது. அந்த இடைவெளி போய்விட்டால் வால்வு தன் சீட்டில் (அது உட்காரும் வளையத்தில்) சரியாக உட்காராது, கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், கசியும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்கி வைப்பதே சீட்டில் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான், அதுவும் கிடைக்காவிட்டால் கருகிவிடும். லூஸான டேப்பெட் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும், டைட்டானது சத்தமே போடாமல் ஹெட்டை (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதியை) தின்றுவிடும்.

சரி, வருவது டேப்பெட் சத்தம்தானா? முதலில் ஆயிலைப் பாருங்கள், குறைந்திருந்தால் எல்லாமே சத்தம் போடும். அப்புறம் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்து, முனையை ஓடும் இன்ஜினில் ஒவ்வோர் இடமாக வைத்துக் கேளுங்கள் (சைலன்சரில் கை படாமல்). ஹெட்டின் மேலே மூடியருகே சீராக டிக் டிக் என்றால் டேப்பெட். பிஸ்டன் சுழற்றும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ராக்கரைத் தள்ளும் கேம் ஒரு சுற்று, அதனால் இந்த டிக் கொஞ்சம் நிதானமாகவே கேட்கும். செயின் ஓடும் பக்கம் கரகரவென்றால் டைமிங் செயின் அல்லது டென்ஷனர். கிளட்ச் பிடித்ததும் சத்தம் மாறினால் கிளட்ச் பக்கம் பாருங்கள். கீழிருந்து கனமாக டொக் டொக் என்று வந்து, ஏற்றத்தில் கூடினால் கனெக்டிங் ராடாக இருக்கலாம், அதற்கு மேல் ஓட்ட வேண்டாம். சைலன்சர் ஹெட்டில் சேரும் இடத்தில் கேஸ்கட் போனாலும் அச்சு அசலாக டேப்பெட் மாதிரியே கேட்கும், அங்கே கரி படிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

டேப்பெட்தான் என்றால், வண்டியை முந்தின நாள் சாயங்காலமே கடையில் விட்டுவிட்டு வாருங்கள். மேனுவலில் உள்ள அளவு குளிர்ந்த இன்ஜினுக்கானது. காலையில் பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்பக்கமாக உருட்டி, மேக்னட் கவர் ஓட்டை வழியாகத் தெரியும் "டி" குறி (பிஸ்டன் உச்சிக்கு வந்ததன் அடையாளம்) நேராக வரும் வரை கொண்டுவர வேண்டும். இரண்டு ராக்கரிலும் லேசான ஆட்டம் இருக்கிறதா? இல்லையென்றால் கிராங்கை இன்னொரு முழுச் சுற்று. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை உள்ளே விட்டால் மெல்லிய பிடிப்போடு இழுபட வேண்டும். நட்டை இறுக்கும்போது இடைவெளியை வைக்கும் ஸ்க்ரூவும் கூடவே திரும்பிவிடலாம், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி கேஜ் விட்டுப் பார்க்காமல் மூடியைப் போட விடாதீர்கள். கேஜ் இல்லாமல் கைப்பழக்கத்திலேயே வைக்கிற மெக்கானிக்குகள் உண்டு, நான் இனி ஒத்துக்கொள்ள மாட்டேன். பழைய யுசிஇ (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன் இன்ஜின்) புல்லட்டில் ஆயில் அழுத்தத்தில் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட், முறுக்க ஒன்றும் இல்லை. டியூக் போன்றவற்றில் ஷிம் (இடைவெளியைத் தீர்மானிக்கும் சிறு உலோகத் துண்டு) மாற்ற வேண்டும், அது தெரிந்தவரிடம் மட்டும் போங்கள்.

ஆயில் உள்ளே இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் போயிருக்கிறதா என்று பார்க்க நமக்கு மலையே இருக்கிறது. ஏற்காட்டிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுக்க மூடி, கியரிலேயே இறங்கிவிட்டு, சமதளம் வந்ததும் முறுக்கும்போது பின்னால் வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். குப்பென்று நீலப் புகை வந்தால் சீல் அல்லது கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய்) தேய்ந்திருக்கிறது, ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கினால் பழைய வால்வைக் கையில் வாங்கிப் பாருங்கள், சீட்டில் உட்காரும் விளிம்பில் வளையம் முழுசாகத் தெரிய வேண்டும், ஓர் இடத்தில் கருகிப் பள்ளமாக இருந்தால் லேப்பிங் பேஸ்ட் போட்டுத் தேய்ப்பது வீண், வால்வையே மாற்றுங்கள். கைடு மாற்றுவதும் சீட் வெட்டுவதும் லேத் வேலை. எல்லாம் முடிந்து வால்வுகளைப் பூட்டியதும் போர்ட்டில் (ஹெட்டில் காற்றும் புகையும் போகும் வழியில்) கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, வால்வு ஓரம் கசிகிறதா என்று உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள், கசிந்தால் மறுபடி கழற்ற வேண்டியதுதான்.

என் வண்டியில் இப்போதும் காலையில் ஸ்டார்ட் செய்ததும் லேசாக டிக் டிக் கேட்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் "டேப்பெட்டை டைட் பண்ணுப்பா" என்று வாரம் ஒருமுறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.