பட்டாளத்து மெடலின் விளிம்பைப் படிப்பது எப்படி

அப்பாருவோ அப்புச்சியோ வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்தில் வாங்கிய மெடல் கைக்கு வந்தால், அதைத் துலக்கக் கூடாது. வெள்ளிக்குத் திருநீறு, வெண்கலத்துக்குப் புளி என்பது நம் வீட்டுப் பழக்கம். ராஜாவின் முகம் மழுங்கினாலும் பெரிய நட்டமில்லை, அந்த முகம் லட்சக்கணக்கான மெடல்களில் இருக்கிறது. விளிம்பில் பொறித்த எழுத்து போனால் அது யாருடைய மெடல் என்றே தெரியாமல் போய்விடும்.

முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் வார் மெடல் 36 மி.மீ. விட்டமுள்ள வெள்ளி வட்டம். கூடவே வந்த விக்டரி மெடல் வெண்கலம். இரண்டின் விளிம்பிலும் எண், பதவி, பெயர், படைப்பிரிவு இருக்கும். 1914-15 ஸ்டார் என்ற நட்சத்திர வடிவ மெடலுக்கு இவை பின்பக்கத்தில். வார் மெடலே வெண்கலத்தில் கிடைத்தால் போலி என்று ஒதுக்காதீர்கள். தொழிலாளர் படைகளுக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். வெள்ளியைவிட அது அரிது.

அறை விளக்கை அணைத்து, டார்ச்சை விளிம்புக்குச் சாய்வாகப் பிடித்து, நகை ஆசாரி வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸால் பாருங்கள். மெடலைச் சுற்றிச் சுற்றி ஆறேழு படம் எடுங்கள். பெயரைவிட எண்ணும் படைப்பிரிவும் முக்கியம். சிப்பாய் எண் அந்தந்த ரெஜிமென்டுக்குள் மட்டுமே செல்லும். ஒரே எண் பல ரெஜிமென்டுகளில் இருக்கும். பெயரை நம்பித் தேடினால் பழனிசாமிகளும் சின்னசாமிகளும் வரிசையாக வந்து நிற்பார்கள். இன்ஷியலும் பெரும்பாலும் இருக்காது. 'சாமி'யை எழுத்தர்கள் எஸ்-ஏ-டபிள்யூ-எம்-ஒய் என்றும் எழுதினார்கள். எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள்.

விளிம்பில் '2 க்யூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்.' என்றிருந்தால் பெங்களூரில் இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை. வெறும் 73, 75, 79 என்ற எண்ணுடன் காலாட்படை என்றிருந்தால் கர்நாடிக் இன்ஃபன்ட்ரி. 1922இல் இவை 3ஆவது மெட்ராஸ் ரெஜிமென்டுக்குள் போயின.

போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தரவுத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். தகப்பன் பெயரும் ஊரும் தாலுகாவும் பல பதிவுகளில் இருக்கும். இங்கேதான் பலர் தடுமாறுவார்கள்: அதில் வரும் 'கோயம்புத்தூர் மாவட்டம்' இன்றைய மாவட்டமல்ல. ஈரோடு 1979இல்தான் பிரிந்தது, திருப்பூர் 2009இல். 1956 வரை கொள்ளேகால்கூட அதில்தான் இருந்தது. ஆகவே கோபியும் தாராபுரமும் அதற்குள் அடக்கம். நாமக்கல்காரர்களை முதல் உலகப் போருக்குத் திருச்சியிலும் இரண்டாம் போருக்குச் சேலத்திலும் தேடுங்கள். உயிரோடு திரும்பியவர்கள் இந்தத் தரவுத்தளத்தில் வரமாட்டார்கள். அவர்களுக்கு டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட், பென்ஷன் புத்தகம்தான் ஆதாரம். மெடலை எடுத்த பெட்டியின் அடியையும் ஒருமுறை துழாவுங்கள்.

இரண்டாம் உலகப் போர் மெடல்கள் வேறு கதை. பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயரில்லாமலே கொடுத்தார்கள். இந்தியருக்குப் போனவற்றில் பெயருள்ளவையும் உண்டு, இல்லாதவையும் உண்டு. பெயரும் காகிதமும் இல்லாத பர்மா ஸ்டாருக்கு (பர்மா போர்முனைக்கான மெடல்) 'இன்னாருடையது' என்று விற்பவர் சொல்லும் கதைக்காகக் காசு கூட்டிக் கொடுக்காதீர்கள்.

வாங்கும்போது வெர்னியர் காலிப்பரால் மூன்று நான்கு இடங்களில் விட்டத்தை அளந்து பாருங்கள். முதல் போர் வார் மெடல் 36 மி.மீ.க்குக் குறைந்தால் பழைய பெயரை அரத்தால் ராவிவிட்டுப் புதுப்பெயர் பொறித்திருக்கலாம். அச்சில் வார்த்த போலியில் எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும், மேலே ஊசித்துளைகள் தெரியும்.

கோவை ராஜ வீதியிலோ சேலம் செவ்வாய்ப்பேட்டையிலோ பழைய வெள்ளி வாங்குபவரிடம், மெடல் வந்தால் உருக்குமுன் கூப்பிடச் சொல்லிவையுங்கள். உரைகல்லில் விளிம்பை உரைக்கவே கூடாது என்றும் சொல்லுங்கள். வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் தருவதாகச் சொன்னால்தான் காத்திருப்பார்கள். கொலுசுப் பட்டறைக்குப் போனால் திரும்பி வராது.

வைக்கும்போது பி.வி.சி. உறை வேண்டாம், பச்சையாகப் பிசுபிசுக்கும். ரப்பர் பேண்டில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். பாலியெஸ்டர் உறையும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். பழைய ரிப்பன் நைந்திருந்தாலும் கழற்றி எறியாமல் தனியாக வையுங்கள்.

வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பும் யோசனை இருந்தால் ஒன்று: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு தாண்டிய வரலாற்றுப் பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. முதல் உலகப் போர் மெடல்களில் பெரும்பாலானவை இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. அவற்றை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்யவும் உரிமம் வேண்டும்.