ஓடிக்கொண்டிருக்கும் வலைத்தளத்தை வாங்கும்போது விலை போடுவது எப்படி?

ஏற்கெனவே வாசகர்களும் வருமானமும் இருக்கிற ஒரு வலைத்தளத்தை விலைக்கு வாங்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மஞ்சள் சாகுபடி, மார்க்கெட் நிலவரம் பற்றிய ஒரு தமிழ்த் தளத்தை வாங்கி ஈரோட்டில் இருந்து நடத்தி வருகிறேன். அதற்கு விலை பேசியபோது போட்ட கணக்கே இது. புரிவதற்காகத் தொகைகளை மட்டும் முழு எண்ணாக்கியிருக்கிறேன். டொமைன், ஹோஸ்டிங், ஆட்சென்ஸ் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஒரு முழு வருட வரவு

"கடைசி மூணு மாசமா சராசரியா 45,000 வருதுங்கண்ணா. 36 மடங்கு போட்டுக் குடுத்துருங்க" என்றார் விற்றவர். அதாவது 16,20,000 ரூபாய்.

நாங்கள் பேசியது சித்திரையில். தையில் தொடங்கி பங்குனி வரை மஞ்சள் அறுவடை நடக்கும். விலை பார்க்க விவசாயிகள் தினமும் தளத்துக்கு வருகிற காலம் அது. 12 மாத வரவையும் வாங்கிக் கூட்டினால் 3,60,000 ரூபாய்தான், மாதம் 30,000. சீசன் இல்லாத ஒன்பது மாதங்களில் 25,000 தான் வந்திருக்கிறது. மூன்று மாதத்தை மட்டும் வைத்து விலை போடுவது, கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் கறக்காமல் ஓட்டி வந்த மாட்டின் மடியைப் பார்த்து விலை சொல்வது போலத்தான்.

ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமாக ஏற்காதீர்கள். பிரவுசரில் தெரியும் எண்ணை யார் வேண்டுமானாலும் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். வீடியோ காலில் திரையைப் பகிரச் சொல்லி, உங்கள் கண்ணெதிரே பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்யச் சொல்லுங்கள். ஆட்சென்ஸ் முகப்பில் காட்டுவது மதிப்பிட்ட வருமானம். செல்லாத கிளிக்குகளைக் கழித்த பிறகுதான் இறுதித் தொகை வரும். கூகுள் பணம் அனுப்புவது மாதத்தின் 21 முதல் 26 தேதிக்குள். 100 டாலர் சேராவிட்டால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். அதனால் பேங்க் ஸ்டேட்மெண்டையும் பக்கத்தில் வைத்து, மாதம் மாதமாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 2: செலவு

எனக்கு அதிக நேரம் பிடித்தது இங்கேதான். விற்றவர் எழுதிக் கொடுத்த செலவு, ஹோஸ்டிங்கும் டொமைனும் சேர்த்து மாதம் 1,000 ரூபாய் மட்டும். ஆனால் தளத்தில் தினமும் சாயங்காலம் விரலி மஞ்சள் விலை, கிழங்கு மஞ்சள் விலை, மூட்டை வரத்து என்று ஒரு பட்டியல் ஏறுகிறது. அது எப்படி வருகிறது என்று கேட்டேன். அவரே வியாபாரிகளுக்குப் போன் போட்டு, விலையைக் குறித்து, தட்டச்சு செய்து ஏற்றுகிறார். மாதத்துக்கு 40 மணி நேரம் ஆகிறது. வாசகர்கள் வருவதே அந்தப் பட்டியலுக்காகத்தான். அந்த வேலைக்கு அவர் சம்பளம் எழுதவே இல்லை.

பகுதிநேரமாக அதை ஒருவரிடம் ஒப்படைத்தால் மணிக்கு 150 ரூபாயாவது கொடுக்க வேண்டும், ஆக 6,000. கட்டுரை எழுதித் தருகிற நண்பருக்கு 'அப்பப்போ' கொடுப்பதாகச் சொன்ன தொகையை வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தால் மாதம் 5,000 வந்தது. 30,000இல் 1,000, 6,000, 5,000 மூன்றையும் கழித்தால் நிகர லாபம் 18,000.

"அந்த வேலையை நானே பார்த்துக்கொள்வேனே" என்று தோன்றும். பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் கணக்கில் கட்டாயம் கழியுங்கள். நீங்கள் இனிமேல் செய்யப்போகிற உழைப்புக்கு விற்பவரிடம் பணம் கொடுப்பதில் நியாயமே இல்லை.

படி 3: எத்தனை மடங்கு

கட்டுரை, தகவல் போடுகிற உள்ளடக்கத் தளங்களுக்கு மாத நிகர லாபத்தின் 20 முதல் 40 மடங்கு வரை பேசுவது வழக்கம். தளங்களை வாங்கி விற்கும் பிளிப்பா, எம்பயர் பிளிப்பர்ஸ் போன்ற இணையச் சந்தைகளிலும் லாபத்துக்கு இத்தனை மடங்கு என்றுதான் விலை பேசுகிறார்கள். நான் 24இல் ஆரம்பிப்பேன். வருமானம் பல வழிகளில் வந்தால், வாசகர்கள் தளத்தின் பெயரையே தட்டித் தேடி வந்தால் ஏற்றுவேன். ஒரே பக்கம்தான் பாதிக் கூட்டத்தைக் கொண்டுவருகிறது என்றால் குறைப்பேன்.

18,000க்கு 24 மடங்கு 4,32,000. 30 மடங்கு 5,40,000. இந்த இரண்டுக்கும் நடுவில் முடிந்தது.

படி 4: கூகுளில் நிலைமை

கூகுள் தேடலில் இருந்து தளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று காட்டும் கருவிகளில் எனக்குப் பிடித்தது கூகுள் சர்ச் கன்சோல். இலவசம், எண்ணும் கூகுளுடையது. ஏஹெச்ரெஃப்ஸ், செம்ரஷ் போன்ற வெளிக் கருவிகள் காட்டும் டிராஃபிக் வெறும் மதிப்பீடு. தமிழ்த் தளங்களுக்கு அதை நம்பி நான் விலை பேச மாட்டேன். முகவரியைக் கொடுத்தால் விலை சொல்லும் இலவச கால்குலேட்டர்களைத் திறக்கவே வேண்டாம்.

உங்கள் மெயிலுக்குப் பார்வையிடும் அனுமதி மட்டும் கேளுங்கள். 16 மாதத் தரவு தெரியும். போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். சீசன் உள்ள தளத்துக்குப் போன மாதத்தோடு ஒப்பிட்டுப் பயனில்லை. கூகுள் 2024 மார்ச்சில் செய்தது போன்ற பெரிய தேடல் மாற்றங்கள் வந்த தேதிகளில் வருகைக் கோடு கீழே விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்து எழாத தளத்துக்கு 12 மாதச் சராசரிகூட அதிகம், கடைசி ஆறு மாதத்தை எடுங்கள். மேனுவல் ஆக்‌ஷன் (விதி மீறியதற்காகக் கூகுள் தரும் தண்டனை) பகுதி காலியாக இருக்க வேண்டும். அப்புறம் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அந்த முகவரியில் முன்பு என்ன இருந்தது என்றும் ஒரு பார்வை.

படி 5: பணம்

முழுத் தொகையையும் முன்னாடியே அனுப்பாதீர்கள். தளம் கைக்கு வரும்வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் எஸ்க்ரோ சேவை இருந்தால் நல்லது. தெரிந்தவர் என்றாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். டாட் காம் டொமைனைச் சமீபத்தில் பதிந்திருந்தால் 60 நாளுக்கு வேறு டொமைன் பதிவு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது. அதே நிறுவனத்தில் உங்கள் பெயரில் கணக்கு திறந்து அதற்குள் மாற்றிக்கொள்வது சுலபம்.

பின்சேர்க்கை: தளத்தோடு ஆட்சென்ஸ் கணக்கும் கைமாறுமா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். மாறாதுங்க. தளத்தை உங்கள் சொந்தக் கணக்கில் சேர்த்து, கூகுளின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். அதுவரை விளம்பர வருமானம் கிடையாது. அந்த இடைவெளிக்கு ஒரு மாத லாபத்தையாவது விலையில் குறைத்துக் கேளுங்கள். ஒப்புதல் வரும்வரை தொகையில் ஒரு பகுதி நிற்கும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.