அமெரிக்கன் ஃபுட்பால்: டிஃபன்ஸைப் படிப்பது எப்படி

ஸ்னாப்புக்கு (பந்து பின்னால் தரப்பட்டு ஆட்டம் தொடங்கும் தருணம்) முன் கிடைக்கும் சில விநாடிகளில் டிஃபன்ஸின் (தடுக்கும் அணியின்) 11 பேரையும் கவனிக்க முடியாது, கவனிக்கவும் வேண்டாம். முதலில் தாக்கும் அணியின் முன்வரிசையில் இருக்கும் இடைவெளிகளை எண்ணுங்கள்.

நடுவே சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, அதற்கடுத்து டேக்கிள் என ஐந்து பேர். இவர்களுக்கு நடுவே நான்கு கேப் (இடைவெளி), இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று, ஆக ஆறு. டைட் எண்ட் (முன்வரிசையின் ஓரத்தில் நின்று, தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்) ஒருவர் வந்து ஒட்டி நின்றால் ஏழு. சென்டரை ஒட்டியிருப்பது ஏ கேப். வெளியே போகப் போக பி, சி, டி. ஒவ்வொரு கேப்புக்கும் டிஃபன்ஸில் ஓர் ஆள் பொறுப்பு. ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) நடுவே புகுந்து தொடப்படாமல் பத்து யார்டு ஓடிவிட்டால், ரீப்ளேயைப் பாருங்கள்: பெரும்பாலும் இரண்டு பேர் ஒரே கேப்பில் நுழைந்து, பக்கத்து கேப்பைக் காலியாக விட்டிருப்பார்கள்.

4-3 அமைப்பின் கணக்கு எளிது. முன்னால் நான்கு லைன்மேன், அவர்களுக்குப் பின்னால் மூன்று லைன்பேக்கர். ஏழு கேப்புக்கு ஏழு பேர். நடு லைன்பேக்கர் மைக், டைட் எண்ட் பக்கம் நிற்பவர் சாம், மறுபக்கம் வில்.

3-4 அமைப்பில் முன்னால் மூவர்தான். பழைய பாணியில், சென்டருக்கு நேரெதிரே நிற்கும் நோஸ் டேக்கிள் அவரை அப்படியே பிடித்து நிறுத்தி, இரண்டு ஏ கேப்பையும் ஒருவராகவே காக்க வேண்டும். அதனால்தான் அந்த இடத்துக்கு 150 கிலோவை ஒட்டிய ஆட்களைத் தேடுகிறார்கள். அவர் பின்னே தள்ளப்பட்டால் பின்னாலிருக்கும் லைன்பேக்கர்களுக்கும் வழி அடைபடும். லாபம் வேறு இடத்தில்: நான்கு லைன்பேக்கர்களில் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) மீது பாயப் போவது யார் என்று முன்கூட்டியே தெரியாது. நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர் 1986-ல் 20.5 சாக் (குவார்ட்டர்பேக்கைப் பந்தை எறியும் முன் வீழ்த்துவது) எடுத்தது 3-4-ன் வெளி லைன்பேக்கராகத்தான்.

அடுத்து சேஃப்டிகள், அதாவது எல்லோருக்கும் பின்னால் ஆழத்தில் நிற்கும் இருவர். இரண்டாவது டைட் எண்ட் வந்தால் கேப் எட்டாகிவிடும். ஒரு சேஃப்டி முன்னால் இறங்கியாக வேண்டும். ஆழத்தில் மிஞ்சுவது ஒருவர் என்றால் பெரும்பாலும் கவர் 1 அல்லது கவர் 3 (ஆழத்தைக் காப்பவர்களின் எண்ணிக்கைதான் இந்த எண்). கவர் 3-ல் ஆழப் பகுதியை ஒரு சேஃப்டியும் இரு ஓரங்களில் நிற்கும் கார்னர்பேக்குகளும் மூன்றாகப் பிரித்துக்கொள்வார்கள். பங்குகள் சந்திக்கும் கோட்டில் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்தான் அவர்களுக்குத் தலைவலி.

இரண்டு சேஃப்டிகளும் ஆழத்திலேயே இருந்தால் கவர் 2 ஆக இருக்கலாம். மைதானத்தின் அகலம் 53⅓ யார்டு, ஆளுக்குப் பாதி. இருவருக்கும் நடுவே ஓட்டை விழும். இதன் ஒரு வகையான டாம்பா 2-ல் மைக் பின்னோக்கி ஓடி அதை அடைப்பார். ரன் போலப் போக்குக் காட்டும் பிளே-ஆக்‌ஷனில் அவர் ஓர் அடி முன்னே வைத்தாலே போதும், அந்த இடம் மறுபடி திறந்துவிடும்.

ஸ்னாப்புக்கு முன் ரிசீவர் ஒருவர் குறுக்கே நகரும்போது ஒரு டிஃபண்டர் கூடவே ஓடினால் அநேகமாக மேன் கவரேஜ் (ஆளுக்கு ஆள் காவல்), ஓடாவிட்டால் ஸோன் (பகுதிக் காவல்). இதை அப்படியே நம்பிவிடாதீர்கள், வேண்டுமென்றே ஏமாற்றுவார்கள்.

இன்றைய என்எஃப்எல்லில் (அமெரிக்காவின் தொழில்முறை லீக்) அதிகம் தென்படுவது நிக்கல்: ஒரு லைன்பேக்கருக்குப் பதில் ஐந்தாவது டிஃபன்சிவ் பேக் (சேஃப்டி, கார்னர்பேக் போன்ற பின்வரிசைக்காரர்). எதிரே மூன்று ரிசீவரும் ஒரு டைட் எண்டும் நின்றால், ஏழு கேப்புக்கு முன்னால் ஆறு பேர்தான். ஏழாவது ஆள் ஸ்லாட்டில் (முன்வரிசைக்கும் ஓர ரிசீவருக்கும் நடுவே) நிற்கும் நிக்கல் பேக்காகவோ, தாமதமாக இறங்கும் சேஃப்டியாகவோ இருப்பார். கடைசி விநாடியில் கண் வைக்க வேண்டியது இந்த இருவர் மேல்தான்.