ஆஸ்துமாவோடு பலூன் பொம்மை செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலூனை முறுக்கி நாய்க்குட்டியும் முயலும் செய்பவர்கள், பம்ப் அடித்தால் குழந்தைகள் முன் மதிப்புக் குறையும் என்று எண்ணி வாயாலேயே ஊதுவதுதான் முதல் தவறு. இக்கலையில் பெரிதும் பயன்படும் பலூனின் பெயரே 260. காற்று நிரம்பினால் அதன் விட்டம் 2 அங்குலம், நீளம் 60 அங்குலம். இவ்வளவு ஒல்லியான குழாயை விரியச் செய்ய, உருண்டைப் பலூனுக்குத் தேவைப்படுவதைவிட மிகுந்த அழுத்தம் வேண்டும். மூச்சுக்குழல் சுருங்கிக் காற்றை வெளிவிடவே சிரமப்படும் ஒருவர், ஒவ்வொரு முறையும் ஆழ இழுத்து முக்கி ஊதினால், அதுவே இளைப்பைக் கிளப்பிவிடக்கூடும். பலூன் ஊதினால் நுரையீரல் பலப்படும் என்பார்கள். ஆனால் ஆஸ்துமாவில் மூச்சுக்குழலில் இருக்கும் வீக்கம் அதனால் வற்றுவதில்லை. தள்ளும்போதும் இழுக்கும்போதும் காற்றடிக்கும் கைப்பம்ப் ஒன்று போதும்.

பம்ப் வாங்கியதோடு ஆபத்து நீங்கிவிட்டதாக நினைப்பது அதைவிடப் பெரிய தவறு என்பேன். இந்தப் பலூன்கள் இயற்கை ரப்பர் பாலில் செய்யப்படுபவை. ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க மாவு தூவப்பட்டிருந்தால், ரப்பர் பாலின் புரதங்கள் அதில் ஒட்டிக்கொண்டு, பலூன் வெடிக்கும்போது காற்றில் பரவும். மாவு தடவிய மருத்துவக் கையுறைகளை அமெரிக்கா 2017 ஜனவரியில் தடை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். பலூனைத் தொட்டதும் உதடு தடித்தாலோ, கை அரித்தாலோ, அடுக்குத் தும்மல் வந்தாலோ, அதைச் சாதாரணத் தூசி என்று ஒதுக்காமல் ஒவ்வாமைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வாழைப்பழமோ கிவியோ தின்றால் வாய் அரிப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒவ்வாமை உறுதியானால், முகக்கவசத்தை நம்பித் தொடராமல் ரப்பர் பலூனையே விட்டுவிடுவதுதான் வழி.

வெடிப்பதற்குப் பெரும்பாலும் கையே காரணம். முழுக்க ஊதிய பலூனில் முறுக்கு விழ விழக் காற்று ஒதுங்க இடமின்றி டப்பென்று முகத்தருகே வெடிக்கும். நாய்க்குட்டி செய்வதானால் நுனியில் நான்கு விரற்கடை ஊதாமல் விட்டு, முடிச்சிடும் முன் சிறிது காற்றை முகத்துக்கு எதிர்ப்புறமாக வெளியேற்றிவிட்டால், பலூன் இளகி முறுக்குக்கு வளைந்துகொடுக்கும். வெடித்த துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். சிறு பிள்ளைகளின் தொண்டையில் அவை அடைத்துக்கொள்ளும்.

பிறந்தநாள் மண்டபத்தில் சாம்பிராணி, நுரை ஸ்பிரே, புகை இயந்திரம் இவற்றின் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொள்ளக் கூடாது. நெஞ்சு இறுகுவது தெரிந்தும், வரிசையில் இன்னும் நான்கு பிள்ளைகள்தானே என்று தொடர்வது பலரும் செய்யும் தவறு. உடல் நன்றாக இருக்கிறது என்று அன்றாடத் தடுப்பு இன்ஹேலரைத் தாமாகவே நிறுத்திவிடுவதும் அப்படியே. அவசர இன்ஹேலரை வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டியில் வைக்காமல், பலூன் பையிலேயே தனிப் பகுதியில் வைத்து, உடன் வருபவரிடம் இடத்தைக் காட்டிவிடுங்கள். மருத்துவர் சொன்ன அளவு இழுத்தும் மூச்சு சீராகவில்லை என்றால், மீதிப் பலூனை அங்கேயே போட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும்.